‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதாதீர்கள்

இந்த முறை கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. கெடாவின் பாடாங் செராய், லூனாஸ், குலிம் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதைப் பற்றியவை. அதிலும், அங்கே ஆள் எடுக்கிறவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

அக்கா, எனக்கு 23 வயது. குலிம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக் எஞ்சினியரிங் டிப்ளோமா முடித்தேன். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, இன்னும் தோட்ட வீட்டில்தான் இருக்கிறோம். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக இருக்கிறேன், டெக்னீஷியன் ஆக ஆசை. லிங்க்ட்இன்னில் எச்.ஆர்., ரெக்ரூட்டர் என்று போட்டிருந்த எல்லாருக்கும் ‘எனக்கு ஏதாவது வேலை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், எந்த வேலையானாலும் செய்வேன்’ என்று அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. சிலர் பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறார்கள். தோட்டத்துப் பெண் என்பதாலா? - வாசகி, பாடாங் செராய்

இல்லை தங்கச்சி. அந்த எண்ணத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் மெசேஜைப் படித்தவருக்கு நீங்கள் தோட்டமா டவுனா என்றே தெரியாது. என்ன படித்தீர்கள், எந்த ஊர், எந்த மெஷின் தெரியும், எந்த வேலை வேண்டும், எதுவும் அதில் இல்லை. அவர் பதில் எழுத வேண்டுமானால் முதலில் உங்களிடம் நாலைந்து கேள்வி கேட்டாக வேண்டும், அதற்கு நேரம் இல்லாததால் அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறார். உங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். ரெக்ரூட்டர்களில் இரண்டு வகை. ஒருவர் கம்பெனிக்குள்ளேயே சம்பளத்துக்கு இருப்பவர், ‘டேலண்ட் அக்விசிஷன்’ என்று போட்டிருப்பார். அவர் கையில் ஒரே நேரத்தில் பல காலியிடங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘ஆள் கிடைத்ததா, ஆள் கிடைத்ததா’ என்று கேட்கும் ஒரு மேனேஜர் இருப்பார். இன்னொருவர் ஏஜென்சிக்காரர். கம்பெனி ஒரு இடத்தைச் சொல்லி ஆள் பிடித்துத் தரச் சொல்லும், ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் ஏஜென்சிக்குப் பணம், அதையும் கம்பெனிதான் கொடுக்கும். ஆக, இரண்டு பேருமே காலி இடத்துக்கு ஆள் தேடுகிறவர்கள். வேலை இல்லாதவருக்கு வேலை தேடித் தருவது அவர்கள் பொறுப்பில் வராது. நீங்கள் உதவி கேட்டு எழுதினால் அவருக்கு ஒரு சுமை கூடுகிறது, அவர் தேடிக்கொண்டிருக்கும் ஆளே நீங்கள்தான் என்று தெரியும்படி எழுதினால் அவர் சுமை குறைகிறது. நான் மனிதவளத் துறையில் இருந்தபோது, சரியான ஆள் ஒருவர் தானாக வந்து எழுதமாட்டாரா என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். அவர்களும் உங்களைத் தேடுகிறார்கள், இதை நம்புங்கள்.

‘எந்த வேலையானாலும் செய்வேன்’ என்பது நம் வீடுகளில் பணிவாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) போய் நின்றால் மண்டோருக்கு (கங்காணிக்கு) ஆளைத் தெரியும், குடும்பத்தைத் தெரியும், யார் எதற்குச் சரிப்படுவார் என்றும் தெரியும், நாம் வாயைத் திறக்காமலே வேலை பிரித்துக் கொடுத்துவிடுவார். லிங்க்ட்இன்னில் அப்படி நம்மை அறிந்தவர் ஒருவரும் இல்லை. நம்மைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும், அதில் தலைக்கனம் எதுவும் கிடையாது.

அதனால் மெசேஜுக்கு முன்னால் புரொஃபைல். ரெக்ரூட்டர் அதிகமாகச் செய்வது தேடல்தான்: வேலையின் பெயர், ஊர், திறமை என்று சில வார்த்தைகளைப் போட்டுத் தேடுவார், அந்த வார்த்தைகள் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவர் கண்ணில் படமாட்டீர்கள். உங்கள் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. அங்கே ‘வேலை தேடுகிறேன்’ என்று மட்டும் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக் எஞ்சினியரிங் டிப்ளோமா, எஸ்.எம்.டி. லைன் (சர்க்கியூட் போர்டில் பாகங்கள் பொருத்தும் லைன்) அனுபவம், டெக்னீஷியன் வேலை, குலிம் என்று உங்களுக்கு உண்மையாக இருப்பதைப் போடுங்கள். ஊர் இருக்கும் இடத்தில் குலிம் என்றே போடலாம், பாடாங் செராய் குலிம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, தேடுகிறவரும் குலிம் என்றுதான் தேடுவார். ஆபரேட்டராக இருந்ததை மறைக்க வேண்டாம். எந்த மெஷினில் நின்றீர்கள், லைன் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள், டெக்னீஷியன் வருவதற்குள் எதையெல்லாம் சரி செய்துவிடுவீர்கள், கிளீன் ரூம் (தூசு புகாத அறை) பழக்கம் உண்டா, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா, இதையெல்லாம் எழுதுங்கள். டெக்னீஷியன் வேலைக்கு ஆள் பார்க்கிறவர் இதைத்தான் படிப்பார்.

இன்னொன்று, வேலையின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குலிம் ஹைடெக் பார்க் 1996-இல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் ஹைடெக் பார்க் அதுதான். இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் என்று பெரிய கம்பெனிகள் உங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு கம்பெனியில் ஈக்விப்மென்ட் டெக்னீஷியன் என்பார்கள், இன்னொன்றில் பிராசஸ் டெக்னீஷியன், வேறொன்றில் மேனுஃபாக்ச்சரிங் டெக்னீஷியன். உங்களுக்குப் பிடித்த வேலை விளம்பரங்கள் சிலவற்றைப் பொறுமையாகப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகளில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து உங்கள் புரொஃபைலில் சேருங்கள். பொருந்தாததைச் சேர்த்தால் இன்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் யாருக்கு எழுதுவது? ரெக்ரூட்டர் என்று பெயர் போட்ட எல்லாருக்கும் எழுதாதீர்கள். முதலில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு முறைப்படி விண்ணப்பியுங்கள், ஏனென்றால் உங்கள் பெயர் அவர்களுடைய கணினியில் இருந்தால்தான் அவரால் அடுத்த அடி வைக்க முடியும். சில விளம்பரங்களில் அதைப் போட்டவருடைய பெயரே இருக்கும். இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் பக்கத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்கள் பட்டியலில் டேலண்ட் அக்விசிஷன் என்று தேடி, குலிமில் இருப்பவரைக் கண்டுபிடியுங்கள். கோலாலம்பூரில் வங்கிக்கு ஆள் எடுக்கிறவருக்கு நீங்கள் எழுதி ஒரு பயனும் இல்லை. பாலிடெக்னிக்கின் பக்கத்தில் அங்கே படித்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கும் வசதியும் உண்டு, உங்கள் சீனியர் ஒருவர் அந்தக் கம்பெனியில் இருந்தால் அவருக்கும் எழுதுங்கள். அவரிடம் வேலை கேட்க வேண்டாம். அந்த டிபார்ட்மென்டில் ஷிப்ட் எப்படி, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் உள்ளே இருப்பவர் ஆள் சிபாரிசு செய்து, அந்த ஆள் சேர்ந்தால், சிபாரிசு செய்தவருக்குப் போனஸ் கொடுக்கிறார்கள், அதனால் நல்ல ஆளாக இருந்தால் அவரே பேச்சை எடுப்பார்.

தொடர்பு அழைப்பு அனுப்பும்போது சின்னக் குறிப்பு சேர்க்கலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகளுக்குத்தான் அனுமதி, ஆகவே கண்டவருக்கும் செலவழிக்காமல் வைத்திருந்து, 200 எழுத்துக்குள் முடியும்படி எழுதுங்கள். நான் தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ அனுப்புங்கள்:

‘வணக்கம். உங்கள் குலிம் ஈக்விப்மென்ட் டெக்னீஷியன் இடத்துக்கு நேற்று விண்ணப்பித்தேன். எலக்ட்ரானிக் டிப்ளோமா, எஸ்.எம்.டி. லைனில் ஒரு வருடம். குலிமில் இருக்கிறேன், ஷிப்ட் பார்ப்பேன்.’

அவர் சேர்த்துக்கொண்ட பிறகு கொஞ்சம் விரிவாக:

‘சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. ஈக்விப்மென்ட் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பித்தது பற்றி எழுதுகிறேன். இப்போதைய வேலையில் பிக் அண்ட் பிளேஸ் மெஷினில் ஃபீடர் மாற்றுவது, சிறிய எரர்களைச் சரி செய்வது வரை நானே செய்கிறேன். 12 மணி நேர ஷிப்ட் சரி, சொந்த மோட்டார் இருக்கிறது, நோட்டீஸ் நான்கு வாரம். ரெசுமே இணைத்திருக்கிறேன். இந்த இடத்துக்கு நான் பொருந்துவேனா, அல்லது வேறு யாரிடம் பேச வேண்டும் என்று சொல்ல முடியுமா?’

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். ஆமாம், இல்லை, இன்னாரைப் பாருங்கள் என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடலாம். ஷிப்ட், போக்குவரத்து, நோட்டீஸ் மூன்றும் டெக்னீஷியன் வேலைக்கு ரெக்ரூட்டர் போனில் முதலில் கேட்கும் விஷயங்கள், அதை நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு போன் மிச்சம். நோட்டீஸ் எவ்வளவு என்று உங்கள் கான்ட்ராக்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள். கான்ட்ராக்டில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான சர்வீசுக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம்.

பழைய மெசேஜ் போனவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்களில் யாராவது உண்மையிலேயே உங்களுக்கேற்ற வேலைக்கு ஆள் எடுத்தால், அதே இடத்தில் புதிதாக, சரியாக எழுதுங்கள். பழசை அவர்கள் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

பாயான் லெப்பாஸில் ஐந்து வருடமாக ஒரே பேக்டரியில் இருக்கிறேன். வேறு இடம் பார்க்கிறேன். புரொஃபைல் படத்தில் ‘ஓப்பன் டு வொர்க்’ பச்சை வட்டம் போட்டால் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடுமே? - வாசகர், லூனாஸ்

தெரியும் தம்பி. அந்தப் பச்சை வட்டம் எல்லார் கண்ணிலும் படும். அதே இடத்தில் இன்னொரு தேர்வு இருக்கிறது, ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது. அதைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் வராது, உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்கவும் லிங்க்ட்இன் முயற்சி செய்யும். முயற்சிதான், முழு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியில் இருப்பவருக்குத் தெரிய வரலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைகள், எந்த ஊர் என்று அதில் கேட்கும் இடங்களைக் காலியாக விடாமல் நிரப்புங்கள். வேலையில் இருக்கும்போதே இன்னொரு வேலை பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. கம்பெனி வைஃபையிலும் கம்பெனி லேப்டாப்பிலும் மட்டும் செய்யாதீர்கள்.

ரெக்ரூட்டர் மெசேஜிலேயே ‘இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்’ என்று கேட்டார். ஓ.டி. எல்லாம் சேர்த்து வரும் கணக்கைச் சொன்னேன், அதோடு ஆள் காணாமல் போய்விட்டார். - வாசகர், குலிம்

இதில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இடறி விழுகிறார்கள். ரெக்ரூட்டர் கேட்பது பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம். நீங்கள் ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ் எல்லாம் சேர்த்துக் கையில் வருவதைச் சொன்னால் அவர் அதையே அடிப்படைச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டு, நம் பட்ஜெட்டுக்கு மேலே போகிறது என்று ஒதுக்கிவிடுவார். தலைகீழாகவும் நடக்கும்: வெறும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்லி, புது இடத்தில் ஓ.டி. இல்லாத வேலைக்கு ஒத்துக்கொண்டு, முதல் மாதம் சம்பளத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிரித்து எழுதுங்கள். அடிப்படை இவ்வளவு, நிரந்தர அலவன்ஸ் இவ்வளவு, ஓ.டி. சராசரியாக இவ்வளவு. எதிர்பார்ப்பைச் சொல்லும்போது ஒரு எல்லைக்குள் சொல்லுங்கள், இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை, அடிப்படைச் சம்பளமாக என்று. அதற்கு முன்னால், ‘இந்த இடத்துக்கு என்ன அளவு வைத்திருக்கிறீர்கள்’ என்று அவரையே கேட்பதும் முறைதான், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனது, அது தொடக்கப்படி, டிப்ளோமாவும் அனுபவமும் உள்ளவர் அதையே தன் விலை என்று நினைத்துக் கேட்க வேண்டியதில்லை. கூட்டி மட்டும் சொல்லாதீர்கள். கடைசிக் கட்டத்தில் சம்பளச் சீட்டு கேட்பார்கள், சில இடங்களில் ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) அறிக்கையும் கேட்பார்கள், இரண்டிலும் உண்மை எழுதியிருக்கும்.

தோட்ட ஆபீசில் இருபது வருடத்துக்கு மேல் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தேன். தோட்டம் கைமாறியதும் வேலை போய்விட்டது. வயது 47. மகள் லிங்க்ட்இன் தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கிராணி வேலையை எந்த ரெக்ரூட்டர் மதிப்பார்? - வாசகர், பாடாங் செராய்

அண்ணே, லிங்க்ட்இன்னுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலைக் காப்புறுதித் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே, சம்பளத்தில் மாதாமாதம் அதற்குப் பிடித்திருப்பார்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் முதல் மாதம், திட்டத்தில் கணக்கெடுக்கும் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கொடுப்பார்கள், அடுத்தடுத்த மாதங்களில் குறைந்துகொண்டே வரும். நாள் தவறினால் போயிற்று, ஆகவே இதைப் படித்து முடித்ததும் சொக்சோ அலுவலகத்துக்குக் கிளம்புங்கள். சொக்சோவே நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கிராணி என்ற வார்த்தையை ரெக்ரூட்டர் தேடமாட்டார். ஆனால் நீங்கள் செய்த வேலையைத் தேடுகிறார், வேறு பெயரில். செக்ரோல் போட்டீர்கள் அல்லவா? ஒவ்வொரு ஆளுக்கும் வருகை, எடை, விகிதம், பிடித்தம் எல்லாம் கணக்குப் பார்த்து மாதச் சம்பளம் போட்டீர்கள். அதற்குப் பெயர் பேரோல். ஈ.பி.எஃப்., சொக்சோ மாதாமாதம் கட்டினீர்கள், அது ஸ்டாச்சுட்டரி கான்ட்ரிபியூஷன். உரம், மருந்து, டீசல் ஸ்டோர் கணக்கு உங்கள் கையில் இருந்திருந்தால் அது இன்வென்டரி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெர்மிட் புதுப்பித்தது, பாஸ்போர்ட் தேதி பார்த்தது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது, இதைச் செய்யத் தெரிந்த ஆளைக் குலிமில் எத்தனையோ பேக்டரி எச்.ஆர்.கள் தேடுகிறார்கள், ஏனென்றால் அங்கேயும் வெளிநாட்டு ஆள்கள்தான், ஹாஸ்டல்கூட உண்டு. அப்புறம் ஆடிட். செம்பனை எண்ணெய்க்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020-இலிருந்து கட்டாயமாகிவிட்டது, உங்கள் ஆபீசிலும் ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருப்பார், ஃபைல் எடுத்துக் கொடுத்தது யார்? நீங்கள்தான். அதை எழுதுங்கள்.

இவற்றோடு எண்களைச் சேருங்கள்: எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள், எத்தனை ஏக்கர் தோட்டம், எத்தனை பேர் பெர்மிட்டைப் பார்த்துக்கொண்டீர்கள். 300 பேருக்கு மாதாமாதம் தவறாமல் சம்பளம் போட்டவர் என்று ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போக எந்த எச்.ஆர்.க்கும் மனம் வராது. மகளை உட்காரவைத்து, ஒரு மாதத்தில் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை ஆபீசில் என்னென்ன செய்தீர்கள் என்று வாயால் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். நீங்களே எழுதினால் பாதியை இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிடுவீர்கள்.

எழுத வேண்டியவர்கள் இரண்டு பக்கம் இருக்கிறார்கள். எஸ்.டி. குத்ரி, கே.எல்.கே., ஐ.ஓ.ஐ. போன்ற தோட்டக் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறவர்களுக்கு ‘எஸ்டேட் ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று எழுதுங்கள், உங்கள் மொழி அவர்களுக்கு உடனே புரியும். குலிம், சுங்கை பட்டாணி பேக்டரிகளுக்கு ‘பேரோல் அண்ட் எச்.ஆர். அட்மின்’ என்று எழுதுங்கள். பிறந்த தேதி, ஐ.சி. (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி புரொஃபைலில் வேண்டாம். கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்தை விரிவாக எழுதிவிட்டு, அதற்கு முந்தியதை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். சம்பள சாஃப்ட்வேர் பழக்கம் குறைவு என்றால் அதற்கு ஒரு குறுகிய பயிற்சி எடுத்து அதையும் சேருங்கள், இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்வாரா என்பதுதான் அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

என் மகனுக்கு 21 வயது. லிங்க்ட்இன்னில் ஒரு பெண் ரெக்ரூட்டர் தானாக வந்து பேசினார். தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ், மாதம் 6,000 வெள்ளி, டிக்கெட், தங்கும் இடம் இலவசம், அனுபவம் தேவையில்லையாம். பேச்சை டெலிகிராமுக்கு மாற்றி, ஐ.சி., பாஸ்போர்ட் படம் கேட்கிறார். மகன் போகத் துடிக்கிறான். - தந்தை, பாடாங் செராய்

ஐயா, அனுப்பாதீர்கள். எதுவும் அனுப்ப வேண்டாம், பையனை எங்கும் போக விடாதீர்கள். மலேசியப் பிள்ளைகள் பலர் இதே மாதிரி வாய்ப்பை நம்பித் தாய்லாந்து போகிறோம் என்று கிளம்பி, எல்லை தாண்டி மியன்மாருக்கோ கம்போடியாவுக்கோ கொண்டுபோகப்பட்டு, பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, மற்றவர்களை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையை அடி உதையோடு செய்ய வைக்கப்பட்டிருக்கிறார்கள். மீட்டு வருவதற்குள் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நீங்கள் எழுதியதிலேயே எல்லா அடையாளமும் இருக்கிறது. அனுபவம் இல்லாத 21 வயதுப் பையனுக்கு அவ்வளவு சம்பளம். இன்டர்வியூ இல்லை. லிங்க்ட்இன்னை விட்டு உடனே டெலிகிராம். வேலைக்கு முன்னால் பாஸ்போர்ட். உண்மையான ரெக்ரூட்டர் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார், கம்பெனி மின்னஞ்சலிலிருந்து எழுதுவார், வேலைப் பொறுப்பு விவரத்தை எழுத்தில் கொடுப்பார், இன்டர்வியூ வைப்பார், டெபாசிட் என்றோ பயிற்சிக் கட்டணம் என்றோ பணம் கேட்கமாட்டார். அந்தப் பெண்ணின் புரொஃபைலில் ‘இந்த புரொஃபைலைப் பற்றி’ என்ற இடத்தைத் திறந்தால் கணக்கு எப்போது தொடங்கியது, எதையாவது சரிபார்த்திருக்கிறார்களா என்று தெரியும். அவர் சொல்லும் கம்பெனியின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள், அவர் கொடுக்கும் எண்ணுக்கு வேண்டாம். நம் நாட்டில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும், உரிமம் உண்டா என்று தொழிலாளர் துறையில் கேட்கலாம்.

ஐ.சி. படம் ஏற்கெனவே போயிருந்தால் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிடுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள், அது தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வழி இருக்கும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மகனைத் திட்டாதீர்கள். வேலை தேடிக் களைத்த பிள்ளையிடம் ஒருவர் அன்பாகப் பேசினால் மனம் அங்கே போகத்தான் செய்யும். மேலே அந்தத் தங்கச்சிக்கு எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, குலிமிலேயே ஒரு வேலைக்கு இன்று இரவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நிறைய விளம்பரத்தில் ‘மேண்டரின் தேவை’ என்று போடுகிறார்கள். அதைப் பார்த்தாலே விட்டுவிடுகிறேன். ரெக்ரூட்டரிடம் கேட்கலாமா? - வாசகி, பட்டர்வொர்த்

கேளுங்கள். ‘இந்த வேலையில் சீன, தைவான் வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியிருக்குமா, அல்லது தெரிந்திருந்தால் நல்லது என்ற அளவில்தானா?’ என்று கேட்டால் போதும். உண்மையிலேயே அந்த மொழியில் பேச வேண்டிய வேலையும் உண்டு, பழைய விளம்பரத்தை அப்படியே எடுத்து ஒட்டியதும் உண்டு, கேட்டால்தான் எது என்று தெரியும். உங்கள் புரொஃபைலில் மொழிகள் பகுதியில் தமிழை விடாமல் போடுங்கள். சென்னையில் குழு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அது பயன்படும் திறமை, வீட்டு மொழிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

பதில் வராவிட்டால் எத்தனை முறை எழுதலாம்? போன் வந்தால் பயமாக இருக்கிறது, ஷிப்டில் எடுக்கவும் முடியாது. - வாசகர், குலிம்

ஒரு வாரம் கழித்து ஒரு முறை. ‘சென்ற வாரம் இன்ன வேலைக்கு எழுதியிருந்தேன், இடம் இன்னும் இருக்கிறதா?’ என்ற அளவுக்கு. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள், அவரைத் தொடர்பிலிருந்து எடுக்க வேண்டாம், இரண்டு மாதம் கழித்து அவரே வேறொரு இடத்துக்கு ஆள் தேடலாம். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை, ஆனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற ரெக்ரூட்டருக்குச் சனி, ஞாயிறு, ஆகவே திங்கள் முதல் வியாழனுக்குள் எழுதிவிட்டால் எல்லாருக்கும் ஒத்துவரும்.

போன் வந்தால் பெயர், கம்பெனி, எந்த வேலை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த மூன்றையும் சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஷிப்டில் இருக்கிறவர் மெசேஜிலேயே ‘பகல் ஷிப்ட் வாரத்தில் மாலை 7.30-க்கு மேல் பேசலாம், இரவு ஷிப்ட் வாரத்தில் பிற்பகல் 3 மணிக்கு மேல்’ என்று எழுதிவிடுங்கள். பேக்டரிக்கு ஆள் எடுக்கிறவருக்கு ஷிப்ட் கணக்கு நன்றாகவே தெரியும், அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். நீங்கள் தவறவிட்ட எண் 04 அல்லது 03-இல் தொடங்கி, அந்த வாரம் எங்கேயாவது விண்ணப்பித்தும் இருந்தால், திரும்ப அழைப்பதற்கு முன்னால் அந்த எண்ணைக் கம்பெனியின் இணையத்தளத்தில் பார்த்துக்கொண்டு, ரெசுமேயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.